எத்தனை இரவு என்பதை நீங்களே எழுதுங்கள்: மடிக்கணினியில் மெட்டுக் கட்டும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வீட்டு மூலையில் மடிக்கணினியும் ஹெட்ஃபோனுமாக உட்கார்ந்து, எஃப்எல் ஸ்டுடியோவிலோ ஏபிள்டனிலோ விடிய விடிய டிராக் செய்துகொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மடல். உங்களில் சிலர் கல்லூரி விழாவில் செட் போட்டிருப்பீர்கள். சிலரைக் கல்யாண வரவேற்புக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கும் கூப்பிடத் தொடங்கியிருப்பார்கள். இன்னும் சிலர் ஒரு டிராக்கைக்கூட வெளியே விடாமல், கிக்கும் பேஸும் மோதாமல் உட்காரும்வரை அதையே திருத்திக்கொண்டிருப்பீர்கள். எப்படிப் பெரிய டிஜே ஆவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆன பிறகு என்ன நடக்கும் என்று சொல்பவர்கள் குறைவு. அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான வரலாறு, அவீச்சி என்ற பெயரில் உலகம் கொண்டாடிய சுவீடன் இளைஞர் டிம் பெர்க்லிங்குடையது. அவர் பாட்டுக்கு நீங்கள் ஆடியிருப்பீர்கள். அவர் உழைத்த விதத்தையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராக் செய்வது ஒரு தொழில். ஊர் ஊராகப் பறந்து, நள்ளிரவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நிற்பது வேறொரு தொழில். முதல் தொழிலில் வல்லவரை இரண்டாவது தொழிலுக்குள் தள்ளித்தான் நடன இசை வியாபாரம் பெரும்பாலும் பிழைக்கிறது. எவ்வளவு தூரம் தள்ளவிடுவது என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். உங்களுக்காக வேறு யாரும் அதைச் செய்யப் போவதில்லை.

டிம் 1989 செப்டம்பர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். அம்மா அன்கி லிடேன் சுவீடனில் பெயர்பெற்ற நடிகை. டிம் பதின்பருவத்தில் எஃப்எல் ஸ்டுடியோவில் கைவைத்தார். பெல்ஜியத்து நிறுவனம் ஒன்று உருவாக்கிய அந்த மென்பொருளின் உள்ளே இருக்கும் பியானோ ரோல் உங்களுக்கு நன்றாகத் தெரியும். இடப்பக்கம் நெட்டுக்குத்தாக ஒரு கீபோர்டு, வலப்பக்கம் நேரம் ஓடும் கட்டங்கள். மவுஸால் கட்டங்களை நிரப்பினால் அதுவே மெட்டு. ராகம் தாளம் முறையாகக் கற்காதவர்களுக்கும் அந்தத் திரை கதவைத் திறந்துவிட்டது. டிம் அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர். அவர் கைவண்ணம் மென்பொருளில் இல்லை, காதில் இருந்தது. நான்கு கார்டுகளை வைத்து, ஒருமுறை கேட்டவர் மறுநாள் முணுமுணுக்கும் ஒரு மெட்டை அவரால் வரைய முடிந்தது. டிஸ்கோ காலத்திலிருந்து இசையமைத்துவரும் நைல் ராட்ஜர்ஸ், இவரோடு சேர்ந்து வேலை செய்தபின் இவருடைய மெட்டுத் திறனை வாயாரப் புகழ்ந்தார். டேவிட் போவிக்கும் மடோனாவுக்கும் ஆல்பம் செய்து கொடுத்தவர் அவர். புகழ்வதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லாமல் போகவில்லை.

2008-இல் ஆஷ் பூர்நூரி என்ற இளம் கிளப் ஏற்பாட்டாளர் டிம்மின் டிராக்குகளைக் கேட்டு, அவரைத் தேடிப் பிடித்து, மேலாளர் ஆனார். பௌத்த நூல்கள் சொல்லும் கடைசி நரகத்தின் பெயரான அவீசியிலிருந்து எடுத்த புனைபெயர், கூடுதலாக ஓர் எழுத்துடன், அதற்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. டிம் அறையில் டிராக் செய்பவராகத்தான் தொடங்கினார், மேடை பிறகு வந்தது என்ற வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கு இந்த வரிசையில்தான் விளக்கம் இருக்கிறது.

2011 அக்டோபரில் 'லெவல்ஸ்' வெளிவந்தது. நிமிடத்துக்கு 126 தட்டு, சி ஷார்ப் மைனர். சிந்த்தில் வரும் அந்த மெட்டை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இதைப் படிக்கும்போதே உங்கள் காதில் ஓடியிருக்கும். நடுவில் எல்லா இசையும் விலகி ஒரு பெண்குரல் எழும். எட்டா ஜேம்ஸ் 1962-இல் வெளியிட்ட பாட்டிலிருந்து வெட்டி எடுத்த குரல் அது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய தேவாலயச் சாயல் பாட்டின் ஒரு துண்டைப் புதிய கார்டுகளுக்கு மேல் வைத்தபோது, அந்தக் குரலுக்கு வேறொரு வானம் கிடைத்தது. வெளிவருவதற்கு முன்பே பல மாதங்களாக டிஜேக்களின் செட்டுகளில் அது பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வெளிவந்தபோது டிம்முக்கு வயது 22. டேவிட் கெட்டாவுடன் செய்த 'சன்ஷைன்' அவருக்கு முதல் கிராமி பரிந்துரையைத் தந்தது, 'லெவல்ஸ்' இரண்டாவதை. விருது கிடைக்கவில்லை. அதனால் எதுவும் குறையவும் இல்லை. 2012-லும் 2013-லும் டிஜே மேக் இதழின் உலகத் தரவரிசையில் அவர் மூன்றாம் இடத்தில் இருந்தார்.

இந்த இடத்தில் பணம் எந்த வழியாக ஓடியது என்று பார்க்க வேண்டும். 1999-இல் பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பகிரும் நாப்ஸ்டர் வந்தபின் இசைத்தட்டு விற்பனை சரிந்தது. பிறகு வந்த ஸ்ட்ரீமிங்கில் ஒரு கேட்புக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். அதே காலத்தில் அமெரிக்காவில் நடன இசை விழாக்கள் பெருத்தன. லாஸ் வேகாஸ் கிளப்புகள் சூதாட்ட மேசைக்கு நிகரான வருமானத்தை டிஜேக்கள் மூலம் எதிர்பார்க்கத் தொடங்கின. ஆக, டிராக் என்பது விளம்பரமாகவும், மேடை இரவு என்பது விற்கும் சரக்காகவும் ஆனது. 2014-இல் ஃபோர்ப்ஸ் இதழ் டிம்மின் ஓராண்டு வருமானத்தை 2 கோடியே 80 லட்சம் டாலர் என்று கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி பாட்டு விற்று வந்ததில்லை, இரவுகளை விற்று வந்தது.

ஒரு ராக் குழு ஊர் மாற வேண்டுமென்றால் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர், கேபிள், ஆட்கள் என்று லாரி லாரியாகப் போக வேண்டும். இறக்க ஒரு நாள், கட்ட ஒரு நாள், சோதிக்க அரை நாள். அந்தச் சுமையே அவர்களுக்கு ஓய்வையும் கொடுத்தது. டிஜேவுக்கு ஒரு யுஎஸ்பியும் ஹெட்ஃபோனும் போதும். சிடிஜே கருவிகளும் மிக்ஸரும் போகிற ஊரில் தயாராகக் காத்திருக்கும். மாலையில் ஒரு நாட்டு விழா, நள்ளிரவில் இன்னொரு நாட்டுக் கிளப் என்று ஒரே நாளில் இரண்டு இடங்களை அடைக்கலாம். அட்டவணைக்குத் தடை போட எந்தப் பொருளும் இல்லை. உடம்பு ஒன்றுதான் மிச்சமிருக்கும் தடை. அதையும் மாத்திரையாலும் மதுவாலும் கொஞ்ச காலம் ஏமாற்றலாம். இந்தத் தொழிலின் அடிப்படைக் கோளாறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லாமலே இது ஓர் ஆளைத் தேய்த்துவிடும்.

2012 தொடக்கத்தில் டிம் அமெரிக்காவில் ஒரு சுற்றுப்பயணம் போனார். 27 நாட்களில் 26 நிகழ்ச்சிகள். பசி ஒழிப்புக்காகப் பணியாற்றும் ஃபீடிங் அமெரிக்கா அமைப்புக்கு 10 லட்சம் டாலர் கொடுப்பதற்கான பயணம் அது. நோக்கம் நல்லது, சந்தேகமே இல்லை. அந்த மாதத்திலேயே நியூயார்க்கில் கடுமையான கணைய அழற்சியோடு அவர் மருத்துவமனையில் படுத்தார். கணையம் என்பது செரிமான நொதிகளைச் சுரக்கும் உறுப்பு. மிகுதியான மது அதைக் கெடுத்தால், குடலுக்குப் போய்ச் சேர வேண்டிய நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்கும். வலி தாங்க முடியாது. மேடைக்கு முன்னால் நடுக்கம் வரும், அதைத் தணிக்கக் குடித்தேன் என்று டிம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கூச்ச சுபாவம் உள்ள ஒருவர், ஆண்டில் நூற்றுக்கணக்கான முறை கூட்டத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. கிளப்பில் மது இலவசமாகக் கையில் வந்து சேரும். 22 வயதுக்காரரின் கணையம் பழுதானது இப்படித்தான்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகும் இரவுகள் தொடர்ந்தன. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் மறுபடி மருத்துவமனை. 2014 மார்ச்சில் பித்தப்பையும் குடல்வாலும் அகற்றப்பட்டன. மயாமி அல்ட்ரா விழாவில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. வலிக்காகக் கொடுத்த மருந்துகள் தனியாக ஒரு சிக்கலாயின. 2017-இல் லெவான் சிகுரிஷ்விலி இயக்கி வெளிவந்த ஆவணப்படத்தில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. இனி மேடை ஏற முடியாது, இப்படியே போனால் செத்துப்போவேன் என்று தன்னைச் சுற்றியிருந்தவர்களிடம் சொன்னதாக அதில் அவரே சொல்கிறார். பார்க்கக் கடினமான படம். ஆனாலும் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் ஒவ்வொருவரும் அதைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் நான் அநியாயம் செய்தவனாவேன்.

2013 மார்ச். மயாமி அல்ட்ரா மேடை. உலகமே 'லெவல்ஸ்' போல இன்னொன்றுக்குக் காத்திருந்தது. பில்ட்-அப் ஏற வேண்டும், ஒரு நொடி மௌனம், பிறகு டிராப் விழ வேண்டும், கைகள் உயர வேண்டும். டிம் தன் செட்டின் நடுவே வாத்தியக்காரர்களை மேடைக்கு அழைத்துவந்தார். சோல் பாடகர் அலோ பிளாக் வந்து பாடினார். புளூகிராஸ் பாடகர் டேன் டிமின்ஸ்கி வந்தார். 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' படத்தில் ஜார்ஜ் குளூனிக்குப் பாட்டுக்குரல் கொடுத்தவர் அவர். எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாட்டெழுதிய மேக் டேவிஸ் எழுபது வயதுக்கு மேல் அந்த மேடையில் நின்றார். கூட்டத்துக்குப் புரியவில்லை. இது என்ன நாட்டுப்புறக் கச்சேரியா என்று கேலி செய்தார்கள். ஒரு தலைமுறை தன்னிடம் எதை எதிர்பார்க்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தும், அதை மறுத்து, தான் செய்ய நினைத்ததை அந்தக் கூட்டத்தின் முன்பே வைத்த 23 வயதுக்காரரின் துணிவை நான் இன்றும் வியக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஜூனில் அந்த மேடையில் பாடியவற்றுள் ஒன்று வெளிவந்தது: 'வேக் மீ அப்'. இன்கியூபஸ் குழுவின் மைக் ஐன்சிகர் கிட்டாரில் கார்டுகளைக் கொடுக்க, அலோ பிளாக் வரிகளை எழுதிப் பாடினார். அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கி, பழைய சோல் பாடகரின் தொண்டையில் ஏறி, 124 தட்டில் சிந்த் வந்து சேரும் அந்தக் கட்டுமானத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கிட்டார் வாசித்த அதே மெட்டுதான் பின்னால் சிந்த்தில் வருகிறது. மெட்டு மாறுவதில்லை, உடை மாறுகிறது. ஆகவேதான் கேலி செய்தவர்களும் கோடையில் அதற்கு ஆடினார்கள். பிரிட்டனிலும் பல ஐரோப்பிய நாடுகளிலும் முதலிடம், அமெரிக்க பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம். செப்டம்பரில் 'ட்ரூ' ஆல்பம். மறு ஆண்டு கோல்ட்ப்ளேயின் 'எ ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. அதற்குப் பிறகு கிட்டாரையும் நடன பீட்டையும் சேர்த்து வந்த பாட்டுகளை எண்ணி முடியாது. இவ்வளவும் ஓர் அறைக்குள், நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை. எந்த இரவுக் கச்சேரியும் இதற்குத் தேவைப்படவில்லை.

2015-இல் அவர் சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். மனிதர்களின் இயல்பு பற்றி கார்ல் யுங் எழுதியதை அந்தக் காலத்தில் படித்து, தான் உள்முக இயல்பு கொண்டவன் என்று அவர் புரிந்துகொண்டதாக ஆவணப்படத்தில் சொல்கிறார். கூட்டத்தில் இருந்தால் சக்தி கரையும், தனிமையில் இருந்தால் ஊறும் இயல்பு அது. இந்த ஒரு செய்தி 18 வயதில் யாராவது சொல்லிக் கிடைத்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. 2016 மார்ச்சில் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, சுற்றுப்பயணங்களை நிறுத்துவதாக அறிவித்தார். கலைஞனுக்குப் பின்னால் இருக்கும் மனிதனுக்கு வாழ்க்கை மிஞ்சவில்லை என்பது அதன் சாரம். ஆகஸ்ட் 28 அன்று இபிசா தீவின் உஷுவாயா கிளப்பில் கடைசி நிகழ்ச்சி. அதற்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட இரவுகள் ஆகியிருந்தன. அவருக்கு 27 வயது நிறையவில்லை.

2018 ஏப்ரல் 20 அன்று ஓமானின் மஸ்கட்டில் டிம் இறந்தார். வயது 28. அர்த்தம், வாழ்க்கை, மகிழ்ச்சி ஆகியவை பற்றிய எண்ணங்களோடு அவர் போராடிக்கொண்டிருந்தார், மேலும் தாங்க முடியவில்லை என்று குடும்பம் வெளியிட்ட அறிக்கை சொன்னது. மேடையை விட்டு ஏறக்குறைய இருபது மாதங்கள் ஆகியிருந்தன. ஆகவே கச்சேரிகள்தான் அவரைக் கொன்றன என்று நான் எழுத மாட்டேன். இப்படிப்பட்ட மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வது பொய், அந்தப் பொய் ஆபத்தானதும்கூட. அவர் மேலாளரையோ வேறு ஒருவரையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எனக்கு உரிமை இல்லை. நான் சொல்வதெல்லாம் இதுதான்: 18 வயதிலிருந்து 26 வயது வரை தூக்கம், சாப்பாடு, நட்பு, வீடு எதற்கும் நிலையான நேரம் இல்லாமல் ஓர் ஆளை ஓட்டியது இந்தத் தொழில். உடம்பு கொடுத்த எச்சரிக்கைகள் எல்லாம் எழுத்தில் இருந்தன. அட்டவணை மாறியது தாமதமாக.

அவர் போன பிறகு எது மிஞ்சியது என்று கவனியுங்கள். முடிக்காமல் விட்ட பாட்டுகள் இருந்தன. கூட இருந்து எழுதிய கார்ல் ஃபால்க் முதலானவர்கள் டிம்மின் குறிப்புகளையும் குறுஞ்செய்திகளையும் வைத்து, அவர் மனதில் இருந்ததற்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி அவற்றை முடித்தார்கள். 2019 ஜூன் 6 அன்று 'டிம்' என்ற பெயரில் அந்த ஆல்பம் வந்தது. வருமானம், இளையோரின் மனநலத்துக்காகக் குடும்பம் தொடங்கிய டிம் பெர்க்லிங் அறக்கட்டளைக்குப் போகும் என்று அப்போது அறிவித்தார்கள். 2021-இல் ஸ்டாக்ஹோமின் புகழ்பெற்ற உருண்டை அரங்குக்கு அவீச்சி அரீனா என்று பெயர் மாற்றினார்கள். 2022-இல் பாப்ஹவுஸ் என்ற சுவீடன் நிறுவனம் அவருடைய இசைப்பதிவு உரிமையிலும் பதிப்புரிமையிலும் 75 சதவீதத்தை வாங்கியது. யாரும் அவருடைய இரவுகளை வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. விலை போனதும், இன்றும் சம்பாதிப்பதும், நீங்களும் நானும் கேட்பதும் அறைக்குள் செய்த வேலை மட்டுமே. வெறும் விளம்பரம் என்று தொழில் நினைத்ததுதான் சொத்தாக நின்றது. எண்ணூறு இரவுகளில் மிச்சமிருப்பவை செல்பேசிகளில் எடுத்த ஆட்டம் காணும் காணொளிகள்.

மேடை டிஜேயிங்கை நான் குறைத்துப் பேசவில்லை. அது தனியான பெரிய கலை. சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977 முதல் ஃபிராங்கி நக்கிள்ஸ் செய்ததைப் பாருங்கள். அதே ஊர், அதே கிளப், வாராவாரம் வரும் அதே முகங்கள். இரவு முழுக்க அவர்தான். கூட்டத்தின் மூச்சை அறிந்து மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினார். ஹவுஸ் என்ற இசை வகைக்குப் பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அங்கே டிஜே ஒரு கூண்டுக்குள் ஒதுங்கி நின்றார். ஆடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்து ஆடினார்கள். இன்றைய விழாவில் எழுபதாயிரம் பேர் ஒரே திசையில், உயரத்தில் நிற்கும் ஒருவரைப் பார்த்துக் கைதூக்குகிறார்கள். அவர் ஒன்றரை மணி நேரம் போட்டுவிட்டு விமான நிலையம் போகிறார். இரண்டுக்கும் டிஜே என்றே பெயர் இருந்தாலும், உடம்பிடமும் மனதிடமும் கேட்பது வேறு வேறு.

மேடை ஏறாமலும், ஏறி இறங்கியும் வாழ்ந்தவர்கள் உண்டு. டாஃப்ட் பங்க் இருவரும் 2006-07 சுற்றுப்பயணத்துக்குப் பிறகு ஊர் சுற்றுவதை விட்டுவிட்டார்கள். 2013-இல் வந்த 'ராண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' அடுத்த ஆண்டு சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. லண்டனின் பெரியல் 2007-இல் 'அன்ட்ரூ' என்ற ஆல்பத்தைக் கொடுத்தபோது அவர் யார் என்பதே உலகுக்குத் தெரியாது. அந்த ஆல்பத்தைப் பற்றி இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். டிஜே மேக் பட்டியலில் இரண்டு ஆண்டு முதலிடத்தில் இருந்த நெதர்லாந்தின் ஹார்டுவெல், 2018 செப்டம்பரில் அட்டவணையையே ரத்து செய்து வீட்டுக்குப் போனார். 2022 மார்ச்சில் அதே மயாமி அல்ட்ரா மேடையில் திரும்ப வந்தார். கூட்டம் காத்திருந்தது. நின்றால் மறந்துவிடுவார்கள் என்று உங்களிடம் சொல்பவர்களுக்கு இந்த நால்வரையும் காட்டுங்கள்.

உங்கள் மறுப்பும் எனக்குத் தெரியும். 'அவர்கள் பெரிய ஆட்கள். எனக்கு வாடகை கொடுப்பதே சனிக்கிழமைக் கல்யாணச் செட்தான்.' உண்மை. வாய்ப்பை மறுக்கும் வசதி தொடக்கத்தில் யாருக்கும் இருக்காது. இரவு வேலைக்குப் போய்த்தான் ஸ்பீக்கரும் சவுண்ட் கார்டும் வாங்க முடியும். அதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டு செய்யுங்கள் என்கிறேன். மாதத்துக்கு இத்தனை இரவு, அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் இல்லை என்று ஓர் எண்ணை இப்போதே முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பணம் பெருகிய பிறகு அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது ஒவ்வோர் இரவும் விட முடியாத வாய்ப்பாகத்தான் தெரியும்.

மேலாளர் வரும்போது கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு வழக்கப்படி மேலாளருக்குப் பொதுவாக 15 முதல் 20 சதவீதமும், நிகழ்ச்சிகளை முன்பதிவு செய்துதரும் முகவருக்கு 10 சதவீதத்தை ஒட்டியும் போகும். நீங்கள் மேடையில் இருக்கும் இரவில் அவர்களுக்கு வருமானம். நீங்கள் தூங்கும் இரவில் இல்லை. அவர்கள் நல்லவர்களாக இருக்கலாம், உங்கள்மேல் உயிராகவும் இருக்கலாம். ஆனாலும் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தேயிருக்கும். ஆகவே ஓய்வை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே குறைந்தது எவ்வளவு நேரம், ஆண்டில் எத்தனை வாரம் மேடையே இல்லை, மருத்துவர் வேண்டாம் என்றால் ரத்துச் செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் மருத்துவரையும் வழக்கறிஞரையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். உங்கள் இரவுகளில் பங்கு வாங்குபவர் கைகாட்டும் ஆள் வேண்டாம்.

பாட்டின் உரிமையை விற்காதீர்கள். இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின், திரைப்படத்துக்குச் செய்த பாட்டானாலும், திரையரங்கத்துக்கு வெளியே அது பயன்படும்போது வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பங்கு உண்டு. அந்த உரிமையை அவர்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி உங்கள் டிராக்குகளைப் பதிவு செய்யுங்கள். மாதம் சில நூறு ரூபாய்தான் வரும் என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு முடியாத ஆண்டில் உங்களுக்காக வேலை செய்யப் போவது அந்தப் பதிவுதான்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். கிளப்பில் சாதாரணமான 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் போடாமல் மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன் நிற்காதீர்கள்.

மேடைக்கு முன் நடுக்கம் வந்தால் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. யாராவது ஒரு பெக் போட்டால் சரியாகிவிடும் என்று நீட்டுவார்கள், வாங்காதீர்கள். டிம் அந்த வழியில்தான் தொடங்கினார், அதற்கு அவர் கணையமும் பித்தப்பையும் விலை கொடுத்தன. நடுக்கம் ஒவ்வொரு முறையும் வந்தால், நீங்கள் மேடைக்கான ஆள் இல்லாமல் இருக்கலாம். அதனால் இசைக்கான ஆள் இல்லை என்று ஆகிவிடாது. டிராக்கைச் செய்து இன்னொருவர் கையில் கொடுங்கள், அவர் மேடையில் போடட்டும். திரைப்படம், விளம்பரம், விளையாட்டு மென்பொருள் எல்லாவற்றுக்கும் மெட்டுப் போட ஆள் வேண்டியிருக்கிறது.

கூடவே இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கூட்டத்தில் ஒருவர் தொடர்ந்து தூங்காமல் இருந்தால், சாப்பிடாமல் இருந்தால், எதிலும் அர்த்தமில்லை என்று பேசினால், அதை இரவு வேலையின் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், நேரடியாகக் கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இப்போதே உங்கள் செல்பேசியில் பதிந்து வையுங்கள்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் டிராக்குகளைக் கேட்கக் காத்திருக்கும் ஒருவன்